சோழகத்துக்கும் வாடைக்கும் இடையில்: வன்னி மேற்குக் கரையின் சிறு தீவுகளுக்குச் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

எரிமலைத் தீவுகளின் படங்களைப் பார்த்துவிட்டு, "எங்கள் பக்கம் இப்படி ஒன்றும் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னிக் கரையில் எரிமலை கிடையாது. கலாபகோஸ், ஹவாய் போன்ற தீவுகள் கடலடியில் கக்கிய குழம்பு குவிந்து எழுந்தவை. அங்கே கரையை விட்டுச் சற்று நகர்ந்தாலே கடல் ஆழமாகிவிடும். நீரும் தெளிவாக இருக்கும். எங்கள் தீவுகளோ சுண்ணாம்புக் கல்லும் மணலும். மிக உயர்ந்த இடமென்று பனையைத்தான் காட்டலாம். சுற்றிலும் ஆழமற்ற கடல். பாக்கு நீரிணையின் மன்னார்ப் பக்கத்தில் பெரும்பாலான இடங்கள் 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதில்லை. காற்றுப் பலமாக அடித்தால் அடிச்சேறு கிளம்பி நீர் கஞ்சித் தண்ணீராகிவிடும்.

ஆனால் அந்த ஆழமின்மையே இந்தக் கரையின் செல்வம். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் வளர்கிறது. கடற்புல் இருப்பதால் இறாலும் நண்டும் கடற்பசுவும் இருக்கின்றன. வற்றும்போது வெளிவரும் சேற்றுநிலத்துக்காகச் சைபீரியாவிலிருந்துகூடப் பறவைகள் வந்து இறங்குகின்றன. இங்கே வருபவர் பறவைக்கு முதலிடமும் நடைக்கு இரண்டாமிடமும் கொடுத்து, மூச்சுக்குழாய் போட்டு நீந்துவதை மூன்றாவதாக வைத்துக்கொண்டால் மனநிறைவோடு திரும்புவார். பவளப்பாறையும் வண்ண மீனும் மட்டுமே வேண்டும் என்றால் திருகோணமலைப் புறாத்தீவுக்குப் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மன்னார்த் தீவையும் வன்னிக்குள் சேர்த்துப் பேசுகிறேன். தீவார் சிலர் இதை ஒப்பமாட்டார்கள். தேர்தல் மாவட்டக் கணக்கில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததே வன்னி; கிளிநொச்சியை வன்னி அல்ல என்று யாரும் சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டுரைக்கு அந்த எல்லை போதும்.

முதற்படி: திகதிக்கு முன் காற்று

விடுமுறை எப்போது என்று பார்த்து நாள் குறிப்பதுதான் நம் வழக்கம். இந்தக் கரையில் அது செல்லாது. வருடத்தை ஆள்பவை இரண்டு காற்றுகள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம். கார்த்திகை முதல் தை வரை, சில வருடங்களில் மாசி பாதி வரையும், வடகிழக்கிலிருந்து வாடை. மன்னார்த் தீவு இந்த இரண்டுக்கும் குறுக்கே கிடக்கிறது. சோழகத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிக்கும். வாடையில் பாக்கு நீரிணைப் பக்கமான வடகடல் குமுறும். இதனால்தான் மீனவர்கள் காலத்துக்குக் காலம் கரை மாறி வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, அமைக்கிறார்கள். மன்னாரின் தென்கரையில் 2020இல் மின்சார சபை 30 காற்றாலைகளை நிறுத்தியதற்குக் காரணமும் இதே சோழகம்தான். அவை சுழலும் வேகத்தை, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் மன்னார்ப் பாலத்தில் நின்றே பார்த்தால், அன்று தென்கடலில் இறங்கலாமா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆகவே பார்க்க விரும்புவதை முதலில் தீர்மானியுங்கள். பூநாரைகளும் வலசை வாத்துகளும் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை நிற்கும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் மழையும் புயற் சின்னங்களும் கூடவே வரும். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் இந்தப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆலா என்னும் கடற்பறவைகள் தீடைகளில், அதாவது கடலுக்குள் எழுந்த மணல் திட்டுகளில், குஞ்சு பொரிப்பது சோழக காலத்தில். தெளிந்த நீர் கிடைப்பது இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும் இடைவெளியில்.

பறவை, நடை, நீர் மூன்றும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் மாசிப் பிற்பகுதியும் பங்குனியும்தான் காலம். பூநாரைகள் இன்னும் கிளம்பியிராது, வாடை அடங்கியிருக்கும், சோழகம் தொடங்கியிராது. சித்திரையிலும் கடல் நன்றாக இருக்கும். ஆனால் வெயில் ஆளைக் கொல்லும், பறவைகளும் பெரும்பாலும் போயிருக்கும். ஐப்பசியில் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் பிற்பகல் இடிமின்னலை நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து ஆடி, ஆவணியில் வருகிற உறவினர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: கரையிலிருந்து பாருங்கள், படகு வேண்டாம்.

பயணத்துக்கு முந்திய மூன்று நாட்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையைக் கேளுங்கள். "காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பு" என்று வரும் வரிதான் உங்களுக்குரியது. காற்று மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் சிறு படகில் போகாதீர்கள். அதற்குக் குறைவாகச் சொல்லியிருந்தாலும், முந்திய இரண்டு நாட்கள் பலமாக அடித்திருந்தால் நீர் தெளிய இன்னும் இரண்டொரு நாள் எடுக்கும். அன்று நடக்கலாம், பறவை பார்க்கலாம். நீருக்குள் எதுவும் தெரியாது.

இரண்டாம் படி: எங்கே போவது

முதல் தடவை வருபவருக்கு மன்னார்ப் பாலத்தைத்தான் சொல்வேன். தள்ளாடியைத் தாண்டியதும் தாம்போதியின், அதாவது நீருக்குக் குறுக்கே போட்ட தெருவின், இருபுறமும் விரிவது வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. படகு வேண்டாம், அனுமதிப் பத்திரத்துக்கு அலைய வேண்டாம், மன்னார் போகும் பஸ்ஸில் இறங்கினாலே போதும். பயணத்தில் வேறெதுவும் கைகூடாமல் போனாலும் இந்த ஓரிடம் ஏமாற்றாது. தீவுக்குள் பள்ளிமுனையில் 19 மீட்டருக்கும் அதிகமான சுற்றளவுள்ள பெருக்கமரம் (பாவோபாப்) நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். அரை மணி நேரம் ஒதுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல் தீடைகள். மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து ரயிலிலும் வரலாம். போரில் அழிந்த பாதை 2015இல் தலைமன்னார் இறங்குதுறை வரை மீளத் திறக்கப்பட்டது. ராமர் பாலம் அல்லது ஆதாம் பாலம் எனப்படும் திட்டுகளின் வரிசை அங்கிருந்து தனுஷ்கோடி வரை நீள்கிறது. இலங்கைப் பக்கத்துத் தீடைகள் 2015இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இவை நிலையான தீவுகள் அல்ல. காற்றும் நீரோட்டமும் வருடந்தோறும் இவற்றின் உருவத்தை மாற்றுகின்றன; சென்ற வருடம் படகு ஒதுங்கிய இடத்தில் இந்த வருடம் இடுப்பளவு நீர் இருக்கலாம். வரிசையின் நடுவே இலங்கை, இந்தியக் கடல் எல்லை ஓடுகிறது. இன்னும் ஒரு தீடை போவோம் என்று படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள். விளையாட்டாய்ச் சொன்னது இரண்டு நாட்டுக் கடற்படைக்கும் விளையாட்டாய் இராது.

மூன்றாவது இரணைதீவு, என் மனதுக்கு நெருக்கமானதும் அதுதான். பூநகரிப் பிரதேசத்தில், முழங்காவிலுக்கு மேற்கே, பெரியதீவும் சின்னத்தீவுமாகக் கிடக்கிறது. 1992இல் போரினால் இடம்பெயர்ந்த மக்கள் கரையில் இரணைமாதா நகரில் வாழ்ந்தார்கள். போர் முடிந்த பிறகும் தீவு கடற்படை வசமிருந்தது. 2017 மே மாதம் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம் போராடிய பின், 2018 ஏப்ரலில் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டித் தாங்களாகவே போய் இறங்கினார்கள். இதை அறியாமல் அங்கே கால் வைப்பது சரியல்ல. அது சுற்றுலாத்தலம் அல்ல. விடுதி, கடை எதுவும் கிடையாது. மக்கள் நண்டும் கடலட்டையும் பிடித்து வாழும் ஊர். விருந்தாளியாகப் போகலாம்.

நான்காவது அரிப்பு, சிலாவத்துறை என்ற ஊர்களின் கரை. கரையிலிருந்து தள்ளி, நீரடியில் "பார்" என்று மீனவர் சொல்லும் பாறைத்தளங்கள் உண்டு. பல நூற்றாண்டு முத்துக்குளிப்பு நடந்தது இங்கேதான். பெரிய பார், செவல் பார் என்ற பெயர்கள் பழைய அரச அறிக்கைகளிலேயே வருகின்றன. பிரித்தானியர் காலத்தில் 1905ஆம் ஆண்டுக் குளிப்பே மிகப் பெரியது. அதன்பின் சிப்பிகள் அருகிப்போயின. ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் எச்சம் அரிப்பில் கடல் அரித்த மேட்டின் விளிம்பில் நிற்கிறது. விளிம்புக்குப் போகாதீர்கள், மண் சரியும்.

கிழக்குக் கரையைக் கேட்பவர்களுக்கு: சுண்டிக்குளம் தேசியப் பூங்கா பறவைக்கு அருமையான இடம், ஆனால் நீந்துவதற்கல்ல. களப்பில் முதலை உண்டு. வெளிக்கடலில் அலை இழுக்கும். முல்லைத்தீவுக் கடலுக்கும் இதே எச்சரிக்கை.

மூன்றாம் படி: அனுமதி

இதைச் சலிப்பான வேலை என்று கடைசிக்குத் தள்ளுபவர்கள்தான் கரையிலிருந்து திரும்பி வருகிறார்கள். தீடைகள் தேசியப் பூங்கா என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. மன்னாரிலுள்ள அலுவலகத்தில் ஒரு வாரத்துக்கு முன்னதாகவே கேட்டுவிடுங்கள். எத்தனை பேர், எந்தப் படகு, எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பவற்றை எழுத்தில் கொடுப்பது நல்லது. கடற்படைச் சோதனையில் தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதியைக் கேட்பார்கள், நிழற்பிரதி உதவாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். "நான் இங்கே பிறந்தவன்தானே" என்ற பேச்சு அந்த இடத்தில் எடுபடாது.

இரணைதீவுக்கு வழி வேறு. முதலில் இரணைமாதா நகரில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரோடு கதையுங்கள். கிராம அலுவலருக்கும் பங்குத்தந்தைக்கும் தெரிவியுங்கள். ஊர் அறிந்து அழைத்துப்போகிறவர்களுக்கு மற்றத் தடைகள் தானாகக் குறையும். அறியாமல் ஒரு படகைப் பிடித்துப் போய் இறங்கினால் உங்களைவிடக் கூட்டிவந்த படகுக்காரருக்குத்தான் தொல்லை.

ட்ரோன் கொண்டுவர வேண்டாம். சிவில் விமான அதிகார சபையின் அனுமதி, கடற்படையின் ஐயம் இரண்டையும் கடந்தாலும், கூட்டமாக நிற்கும் பறவைகள் அதைப் பருந்தென்று எண்ணி எழுந்து சிதறும்.

நான்காம் படி: படகும் படகுக்காரரும்

இங்கே சுற்றுலாப் படகை எதிர்பார்க்க வேண்டாம். கிடைப்பது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய, மீன் வாடை வீசும் பைபர் படகு. அதுவே போதும். கூலியைவிட எரிபொருள்தான் பெரிய செலவு. ஆகவே எரிபொருள் தனி, ஆளுக்கான கூலி தனி என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அவர் அன்று தொழிலுக்குப் போகாமல் உங்களோடு வருகிறார் என்பதை நினைத்துப் பேரம் பேசுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டியது உயிர்காப்பு அங்கி. மீன்பிடிப் படகில் எல்லோருக்கும் போதுமான அளவு பெரும்பாலும் இருக்காது. சங்கத்தில் இரவல் பெறலாம், அல்லது கொண்டுபோகலாம். ஆளுக்கொன்று இல்லாமல் ஏறாதீர்கள். இரண்டாவது ஆளாக ஒரு தம்பியையும் அழைத்துவரச் சொல்லுங்கள். நீங்கள் நீருக்குள் இருக்கும்போது ஒருவர் இயந்திரத்தருகே இருக்க, மற்றவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அண்ணை, நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்?" என்று மாலையில் கேளுங்கள். "பார்க்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் அது வேண்டாம் என்பதுதான். எங்கள் ஆட்கள் விருந்தாளி முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தைப் பயன்படுத்திக் கூடுதல் காசு காட்டி இணங்கவைப்பதைப் போல மோசமான காரியம் வேறில்லை. கடலைப் பற்றிய முடிவு அவருடையது. நடுவழியில் திரும்புவோம் என்றால் திரும்புவோம் என்பதுதான்.

விடியற்காலையில் புறப்பட்டு, காற்று எழுவதற்கு முன் முற்பகலிலேயே கரை திரும்புவது வழக்கம். அமைதியான மாதங்களிலும் பிற்பகலில் கடற்காற்று எழும்.

ஐந்தாம் படி: பை

தீவில் நல்ல தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் மணலுக்குள் தங்கி உவர்நீர் மேல் மெல்லிய படையாக நிற்பதே அங்குள்ள கிணறு. அது ஊராருக்கே போதாது. ஆளுக்கு நான்கு லீட்டர் கொண்டுபோங்கள். முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, உப்பிட்ட ஏதாவது உணவு, நீர் புகாத பைக்குள் தொலைபேசி. தொலைநோக்கி எட்டு மடங்கு பெருக்குவது போதும். படகில் அதற்கு மேல் கை நடுங்கும். நடைக்குப் பழைய சப்பாத்து. செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வெறும் சாக்கு.

ஆறாம் படி: நடை

உயரம் ஏற எதுவுமில்லை. நடை முழுக்கக் கரையோரமாக. எளிது என்று தோன்றும். வெண்மணல் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும், நிழலுக்கு மரமில்லை, காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாமலே உடல் வற்றும். காலை ஒன்பதரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். நீர் வற்றிய ஈரமணலில் நடப்பது இலகு. மேட்டு மணலில் பாதி பலம் வீணாகும்.

இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தரை தட்டையாக இருப்பதால் ஒரு முழம் நீர் வற்றினாலே பெரிய வெளி திறந்துகொள்ளும். அதே வேகத்தில் மூடிக்கொள்ளவும் செய்யும். சேற்றுத் திடலின் நடுவே போய் நின்று படம் எடுப்பவர், தான் வந்த வழியில் நீர் புகுந்திருப்பதைக் கடைசியாகத்தான் காண்பார். போகும்போதே திரும்பும் வழிக்கு ஒரு பனையையோ படகையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெருநிலப்பரப்பில் நடப்பவர்களுக்கு இன்னொன்று. பூநகரி, கிளாலி, முகமாலைப் பக்கங்களில் மிதிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல வருடங்கள் ஓடியது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் அங்கே நில்லுங்கள். பலகை இல்லாத இடத்திலும் மாடும் ஆளும் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். பறவையைத் துரத்தி வேலி தாண்டும் பழக்கத்தை வன்னியில் விட்டுவிட வேண்டும்.

மன்னாரில் இரவில் வாகனம் ஓட்டுபவர்கள் கழுதைகளைக் கவனிக்கவும். கட்டாக்காலிகளாக நடுத்தெருவில் நிற்கும், விளக்கொளிக்கு விலகாது.

ஏழாம் படி: பறவைகளும் மற்ற உயிர்களும்

மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல் மன்னார். தாம்போதியில் காலை ஆறு மணிக்கு, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் பெருங்கூட்டமாக மிதக்கும். கருவால் மூக்கன்கள் நீண்ட அலகைச் சேற்றுக்குள் முழுக்கச் செருகும். பூநாரைகள் தலைகீழாக அலகை நீரில் அலசி நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அவற்றின் சிவப்பு அந்த உணவிலிருந்து வருவது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தவை இளம் பறவைகள், நோயாளிகள் அல்ல.

தலைமன்னார்ப் பக்கம் நண்டுதின்னியைத் தேடுங்கள். கறுப்பும் வெள்ளையுமான உடல், தடித்த கறுத்த அலகு, நீண்ட கால். வற்றிய திடலில் சற்று ஓடுவது, நிற்பது, கொத்துவது என்றிருக்கும். இலங்கையில் இதைப் பார்க்க இந்த வடமேற்குக் கரையை விட நல்ல இடம் இல்லை. பெரிய கடற்காகங்களும் ஊருமலைக் கரையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். தெற்கிலிருந்து வருபவர்கள் கரும்பருந்தைக் கண்டு மகிழ்வார்கள். நம்மவர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

ஆலாக்கள் பற்றித்தான் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை அவை தீடைகளில் வெறும் மணலில் முட்டையிடும். கூடு என்று எதுவும் இல்லை. முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதிபட்ட பிறகுதான் தெரியும். ஆள் இறங்கியதும் தாய்ப்பறவை எழுந்துவிடும். நிழல் போன முட்டையை அந்த வெயில் அவித்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் யார் அழைத்தாலும், அனுமதி கையில் இருந்தாலும், கூட்டம் உள்ள தீடையில் இறங்காதீர்கள். படகிலிருந்து பாருங்கள். தலைக்கு மேல் பறவைகள் கத்திக்கொண்டு பாய ஆரம்பித்தால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கடற்பசுவைக் காணலாம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் இருக்கிறது. ஆனால் மிகச் சிலவே எஞ்சியுள்ளன, அவையும் ஆளை அண்டவிடாது. கடற்புற் படுக்கையில் ஓரடிக்குக் குறைந்த அகலத்தில், புல் வேரோடு போய் நீண்டு வளைந்த வெற்று வரியைக் கண்டால் அது மேய்ந்த தடமாக இருக்கலாம். அதைக் கண்டவரே அதிர்ஷ்டசாலி.

எட்டாம் படி: நீருக்குள்

குளத்தில் நீந்திப் பழகியவர்களுக்குக் கடல் ஒரு வகையில் இலகு: உப்புநீர் தாங்கும். வேறு வகையில் கடினம்: நீர் நிற்காமல் நகரும். முதலில் முழங்கால் ஆழத்தில் மண்டியிட்டு, நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு, முகத்தை மட்டும் நனைத்து ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பழகுங்கள். வாயால் மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். குழாய்க்குள் நீர் வந்தால் பதறி எழாமல் "தூ" என்று ஒரே மூச்சில் ஊதினால் வெளியேறிவிடும். கண்ணாடியில் புகை படியாமல் உள்பக்கம் எச்சில் தடவி அலசுவது பழைய முறை. இன்றும் அதைவிட நல்லது இல்லை. மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டில் நீர் கசியும். சற்று வாசலின் பூசிக்கொள்ளலாம்.

இரணைதீவிலோ தீடைகளின் ஒதுக்குப்புறத்திலோ நீங்கள் பார்க்கப்போவது கடற்புல் வெளி. முதலில் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். ஒரே இடத்தில் அசையாமல் மிதங்கள். சிறிது நேரத்தில் புல்லுக்குள் இறால் அசையும், குட்டி ஓரா மீன்கள் கூட்டமாய்த் திரும்பும், கணவாய் ஒன்று நிறம் மாற்றிக்கொண்டு பின்னோக்கி நகரும், மணலில் கடலட்டை கிடப்பது தெரியும். துடுப்புக்காலை அடித்துக்கொண்டு விரைபவர் இதில் எதையும் பார்க்கமாட்டார். பின்னால் வருபவருக்கும் சேற்றைக் கிளப்பிவிடுவார். இந்தக் கடலில் துடுப்புக்காலணி இல்லாமல் மிதப்பதே மேல் என்பது என் கருத்து.

பவளத்தைப் பார்க்க வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்துப் பாறைத்தளங்களுக்குப் படகில் போக வேண்டும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவருக்கு மட்டும், அதுவும் தென்கடல் ஓய்ந்த பங்குனி, சித்திரையில் மட்டும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1998இலும் 2016இலும் கடல் வெப்பமேறியபோது இலங்கையின் ஆழமற்ற பவளப்பாறைகள் பெருமளவு வெளிறி அழிந்தன. இறந்த பாறைமேல் பாசியும் கடற்பஞ்சும் வளர்ந்திருக்க, இடையிடையே உயிருள்ள துண்டுகளைக் காண்பீர்கள். கால் வைக்கவோ பிடித்துக்கொள்ளவோ கூடாது. களைத்தால் மல்லாந்து மிதங்கள்.

சில இடங்களில் இறங்கவே கூடாது. தீடைகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில் இரண்டு கடலின் நீரும் மாறி மாறிப் பாய்கிறது. தேர்ந்த நீச்சல்காரரையும் இழுக்கும். பூநகரிக் கரையிலும் இரணைதீவைச் சுற்றியும் தடி நட்டு வலையடைத்திருப்பவை கடலட்டைப் பண்ணைகள். அதற்குள் நுழைவது வேலி தாண்டிய களவுக்குச் சமம், வலையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. சங்கு, கடலட்டை எதையும் எடுக்காதீர்கள். சட்டப்படி அதற்கு உத்தரவுப் பத்திரம் வேண்டும். தவிர, கூம்பு வடிவச் சங்குகளில் சில உயிரோடிருந்து நஞ்சேற்றும் ஊசியைப் பாய்ச்சும். அழகாயிருக்கிறது என்று சட்டைப் பைக்குள் போட்டவர்கள் உயிரிழந்ததும் உலகில் நடந்திருக்கிறது.

வெயில் பூச்சுக் களிம்பைப் பூசிக்கொண்டு இறங்குவதைவிட முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள். கடலுக்கும் நல்லது, முதுகும் கருகாது. எப்போதும் இருவராக. படகு தெரியும் தூரத்தில்.

ஒன்பதாம் படி: காயம் பட்டால்

மணலும் சேறும் உள்ள ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் உரசி நகர்த்துங்கள். புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் காயத்தைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணியாவது அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வெந்நீர்ப் போத்தல் ஒன்று படகில் இருப்பது வீண்போகாது. அதன்பின் வைத்தியசாலை, முள் உள்ளே முறிந்திருக்கலாம். சொறிமீன் பட்டால் கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை அட்டையால் நீக்குங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ தேய்க்கவோ கூடாது. கடல் முள்ளெலி முள்ளைக் கரையில் வைத்துத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கரை சேர்ந்ததும் அழைக்க வேண்டிய எண் 1990, இலவச அம்புலன்ஸ் சேவை. படகில் இருக்கும்போதே அழைத்து எந்த இறங்குதுறை என்று சொல்லிவிடுங்கள். தீடைகளில் சில வேளை இந்தியக் கோபுரத்தின் அலைவரிசை தொலைபேசியில் புகுந்து, அழைப்பும் போகாமல் பணமும் கரையும். வலையமைப்பைத் தானியங்கியில் விடாமல் கையால் தெரிவுசெய்து வையுங்கள்.

நாளை எப்படிப் பகிர்வது

இரண்டு இரவு தங்கினால் போதும். வவுனியாவிலிருந்து மடுச் சந்தி வழியாகவோ, யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, விடத்தல்தீவு வழியாகவோ முதல் நாள் மன்னார் வந்து, மாலையில் தாம்போதியில் நில்லுங்கள். இரண்டாம் நாள் விடியலில் படகு. அன்று காற்று விடாவிட்டால் தலைமன்னார்க் கரையை நடந்து பார்த்துவிட்டு, படகை மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள். இந்த ஒரு நாள் இடைவெளிக்காகத்தான் இரண்டு இரவு என்கிறேன். ஒரே நாளில் வந்து திரும்பும் திட்டத்தில் வருபவர்தான் மோசமான கடலிலும் ஏறத் துணிகிறார்.

இரணைதீவு போகிறவர்கள் மதியச் சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவைத்தால், அங்குள்ள அக்காமார் நண்டும் மீனும் போட்டு, பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சித் தருவார்கள். அதற்கான பணத்தைப் படகுக்காரரிடம் கொடுக்காமல் சமைத்தவர் கையிலேயே கொடுங்கள். கூழ் குடித்தபின் நீருக்குள் இறங்கும் எண்ணம் யாருக்கும் வராது. ஆகவே நீச்சலை அதற்கு முன்னரே முடித்துவிட வேண்டும்.